‘சொல்றேன்’ என்றால் என்ன அர்த்தம்?

புதிதாக இந்தப் பாடத்தை நடத்த வந்திருக்கும் உங்களுக்கு முதலில் என் அனுதாபங்கள். வாழ்த்துகளை மற்றவர்கள் சொல்லிவிட்டிருப்பார்கள். செஞ்சிக்கு வெளியே இருக்கும் இந்தப் பொறியியல் கல்லூரியில் கம்யூனிகேஷன் பாடம் எடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் உண்மையைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

என்ன உண்மை? உங்களை இங்கே யாரும் மதிக்கப்போவதில்லை. கணக்கு வாத்தியார் லீவா, அந்த வகுப்புக்குக் கம்யூனிகேஷன் மேடத்தை அனுப்பு. லேபில் கரண்ட் இல்லையா, பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கம்யூனிகேஷன் வகுப்பில் உட்காரவை. ஆனால் ஒரு பையன் நேர்முகத் தேர்வுக்குப் போய், மோட்டார் எப்படிச் சுற்றுகிறது என்ற கேள்விக்குத் திருதிருவென்று முழித்துவிட்டு வந்தால், “எல்லாம் தெரியும் சார், கம்யூனிகேஷன்தான் வரல” என்பான். அவனுடைய துறைத் தலைவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பணிக்காலம் முழுவதும் அந்தக் கோணல் கூடமாக இருந்தேன். இனிமேல் நீங்கள்.

அடுத்த உண்மை, காய்ச்சல். உங்கள் மேசைக்கு வரும் விடுப்புக் கடிதங்களைப் படித்துப் பாருங்கள். எல்லாமே “அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்றுதான் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் மனப்பாடம் செய்யவைத்த வரி அது. அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்றாலும் காய்ச்சல், வயலில் நடவு என்றாலும் காய்ச்சல், கிரிக்கெட் மேட்ச் என்றாலும் காய்ச்சல்தான். அமாவாசை அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் தொங்கக்கூட இடம் இருக்காது. என் வகுப்பில் பாதி பெஞ்சு காலியாக இருக்கும். மறுநாள் அத்தனை பேருக்கும் காய்ச்சல். ஒரே ஒரு பையன் மட்டும் “அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் நியூ மூன்” என்று எழுதிக்கொண்டு வந்தான். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். அந்த வருடம் முழுவதும் என்னிடம் வந்த ஒரே உண்மையான விடுப்புக் கடிதம் அதுதான்.

இந்தக் காய்ச்சலை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், ஒரு பெண்ணின் வேலையே ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பெண்ணின் பெயர் பவித்ரா. எலெக்ட்ரிகல் பிரிவு, ஊர் அவலூர்பேட்டை. அவளுடைய அப்பா, அவள் சொல்வதுபோல் நைனா, அங்கிருந்து செஞ்சிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், கொஞ்சம் நிலமும் உண்டு. என் பாடத்தில் அவள்தான் முதல். தொலைபேசியில் பேசும் முறை என்று ஓர் அத்தியாயம் உண்டு அல்லவா, அதில் எந்தக் கேள்வி கேட்டாலும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிவிடுவாள். பேச்சை எப்படி முடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, ‘தங்களுடன் பேசியதில் மிக்க மகிழ்ச்சி’ என்பதை ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவாள். நானும் டிக் அடித்து முழு மதிப்பெண் போடுவேன்.

கடைசிப் பருவம் முடியும் சமயத்தில் ஒரகடம் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் எடுக்க வந்தது. தண்ணீர் மோட்டார் செய்கிற கம்பெனி. மோட்டார் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, எப்படிப் பொருத்துவது, எதைச் செய்யக்கூடாது என்று. அந்தப் புத்தகத்தை எழுதித் திருத்தும் பிரிவுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டிலும் பவித்ரா தேறினாள். பாக்கி இருந்தது, சம்பளமும் சேரும் நாளும் சொல்லிச் சம்மதம் கேட்கும் ஒரே ஒரு போன்தான். அதைத் தாண்டிவிட்டால் வேலை. இல்லாவிட்டால் செஞ்சி பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடை. தேர்வு முடிந்த கையோடு அங்கேதான் அவள் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடம் எலெக்ட்ரிகல் படித்த பெண், ஆதார் அட்டையை முன்பக்கம் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த போன் ஒரு வியாழக்கிழமை வந்தது. அமாவாசை நாள், கடையில் கூட்டம். பேசியவர் கம்பெனியில் ஆள் எடுக்கும் அதிகாரி, புனே பக்கத்துக்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. என்ன பேசிக்கொண்டார்கள் என்பதைப் பிற்பாடு அவளை நிற்கவைத்து வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிக்கச் சொன்னேன். இதோ:

“சம்பளம் இவ்வளவு, ஹாஸ்டல் உண்டு, வரும் திங்கட்கிழமை சேர வேண்டும். உனக்குச் சம்மதமா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்.

“ஐ வில் டெல் சார்” என்றிருக்கிறாள் இவள்.

“யெஸ், டெல் மீ.”

“ஐ வில் டெல் சார்.”

“யெஸ், ப்ளீஸ் டெல்!”

“ஓகே சார். ஐ வில் டெல் சார்.”

மனிதர் என்ன நினைத்தாரோ, கடை இரைச்சலில் இவளுக்குக் காது கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. கடைசியாக, “ஸோ, மண்டே?” என்று கேட்டிருக்கிறார்.

“ஓகே சார். ஐ வில் கம் சார்” என்று சொல்லி இவள் போனை வைத்துவிட்டாள்.

உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கு அன்றைக்கு வரவில்லை. நம் ஊரில் ‘சொல்றேன்’ என்றால் இப்போது சொல்லமாட்டேன் என்று அர்த்தம். வீட்டில் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டு, முடிந்தால் அப்புறம் சொல்கிறேன். ‘வரேன்’ என்றால் கிளம்புகிறேன் என்று அர்த்தம். ‘போறேன்’ என்று சொன்னால் வீட்டில் முதுகில் ஒன்று விழும். பவித்ராவின் கணக்குப்படி அவள் மரியாதையாக அவகாசம் கேட்டாள், மரியாதையாக விடைபெற்றுக்கொண்டாள். அதிகாரியின் கணக்குப்படி அந்தப் பெண் திங்கட்கிழமை வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவரைக் குறை சொல்ல முடியுமா? ஆங்கிலம் தெரிந்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அமாவாசை இரவு முழுக்க அவளுடைய நைனா மேல்மலையனூருக்கு ஆட்டோ ஓட்டினார். மறுநாள் தூங்கினார். எழுந்தபின் அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சனிக்கிழமை யோசித்தார், ஞாயிற்றுக்கிழமை யோசித்தார், திங்கட்கிழமையும் யோசித்தார். செவ்வாய்க்கிழமை காலையில்தான் “சரி, போம்மா” என்றார். இவள் துள்ளிக் குதித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டாள். அங்கே அந்த அதிகாரி எரிமலையாக இருந்தார். ஹாஸ்டலில் கட்டில் ஒதுக்கிவைத்தோம், வாசலில் ஆளை நிறுத்திவைத்தோம், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தால் என்ன அர்த்தம், இந்த வேலை உனக்கு இல்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் ஆட்டோ எங்கள் துறை வாசலில் வந்து நின்றது. பவித்ரா அழுதுகொண்டே இறங்கினாள். பின்னாலேயே காக்கிச் சட்டையோடு அவளுடைய நைனா. வேலைவாய்ப்பைக் கவனிக்கும் ஆசிரியர் ஒருவர் உண்டு, பிளேஸ்மென்ட் சார் என்போம். அவரும் மோப்பம் பிடித்து வந்துவிட்டார்.

“இன்னா மேடம் அநியாயமா இருக்குது?” என்று ஆரம்பித்தார் நைனா. “எம்பொண்ணு திங்கக்கெழம வரன்னு சொல்லவே இல்லங்குது. அந்தாளு சொல்லிச்சு சொல்லிச்சுன்றான். யாரு மேடம் பொய் சொல்றது?”

“நீ என்னம்மா சொன்ன?” என்று அவளைக் கேட்டேன்.

“ஐ வில் கம்னு சொன்னேன் மேடம்.”

“அப்படின்னா வரேன்னுதானே அர்த்தம்?”

“வரேன்னுதான் மேடம் சொன்னேன். ஆனா அந்த வரேன் இல்ல மேடம். இந்த வரேன்.” வாசலைத் தாண்டிப் போகிறவள் போலக் கையை ஆட்டிக் காட்டினாள்.

எனக்குத் தலை சுற்றியது. “போனை எப்படி முடிக்கணும்னு எத்தனை தடவை நடத்தினேன்? எத்தனை தடவை எழுதின? பேசியதில் மகிழ்ச்சின்னு சொல்ல வேண்டியதுதானே?”

“அது எக்ஸாம்ல மேடம்” என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. “ஒரு மனுஷர்கிட்ட பேசும்போது அதெல்லாம் எப்டி மேடம் வாய்ல வரும்?”

இந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. முழு மதிப்பெண் வாங்கிய பெண் சொன்ன பதில்.

பிளேஸ்மென்ட் சாருக்கு வேறு கவலை. அடுத்த வருடம் அந்தக் கம்பெனி நம் கல்லூரிப் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்று புலம்பினார். பிறகு பளிச்சென்று முகம் மலர்ந்தது. “காய்ச்சல்னு சொல்லிடலாம் மேடம். டாக்டர் சர்டிஃபிகேட் நான் ஏற்பாடு பண்றேன். டைபாய்டு போதும். டெங்குன்னா இன்னும் வெயிட்டா இருக்கும்.”

“எம்பொண்ணுக்கு எதுக்கு சார் டெங்கு?” என்று நைனா எகிறினார். “நல்லா இருக்கற புள்ள மேல வாய வெக்காதீங்க சார்.”

நீங்கள் அந்த அறையில் என் நாற்காலியில் இருந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்று சொன்னால் வேலை கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. உலகம் முழுக்க எல்லா அதிகாரிகளும் காய்ச்சலை ஏற்றுக்கொள்வார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? வேலையே தெளிவாக எழுதும் வேலை. தெளிவாக ஆம், இல்லை என்று சொல்லத் தெரியாமல் போயிற்று என்று அந்த வேலைக்கு வந்த பெண்ணே ஒப்புக்கொண்டால், எந்த அதிகாரி அவளை எடுப்பார்? நான் அதிகாரியாக இருந்தால் எடுக்க யோசிப்பேன். ஆகவே நேர்மை, ஒழுக்கம் என்று மேடையில் பேசுகிற மாதிரி அங்கே பேச முடியாது. போகப்போவது என் வேலை இல்லை, அவளுடையது.

பிளேஸ்மென்ட் சார் வெளியே போய் அதிகாரியிடம் எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, பிற்பகலில் ஐந்து நிமிடம் பேச அனுமதி வாங்கிவிட்டார். அதுவரை நாங்கள் காத்திருந்தோம்.

“காய்ச்சல்னே சொல்லிடறேன் மேடம்” என்றாள் பவித்ரா. “அதான் ஈஸி.”

“சொல்லு. சேர்ந்த பிறகு அவர் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்பார். என்ன சொல்வ?”

“நல்லா இருக்குது சார்னு சொல்லுவேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? பிறகு அவளே, “மெய்யச் சொன்னா இந்தப் பொண்ணுக்குப் பேசவே தெரியலன்னு நெனைச்சிட மாட்டாரா மேடம்?” என்று கேட்டாள்.

“நினைக்கலாம்.”

“அப்போ வேல போயிடும்ல?”

“போகலாம். போகாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது பவித்ரா. ஆனா எதைச் சொன்னாலும் இந்தத் தடவை ஒரே அர்த்தம் வர்ற மாதிரி சொல்லு. உனக்காக நான் பேச மாட்டேன்.”

அவளுக்கு என்மேல் கோபம் வந்தது, முகத்திலேயே தெரிந்தது. போன் மணி அடித்தபோது அவள் எதைச் சொல்லப் போகிறாள் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

மேசைமேல் ஸ்பீக்கரில் போட்டோம். நைனா வாசல் ஓரத்து பெஞ்சில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் எல்லாமே புரிந்துவிடும் என்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியின் முதல் கேள்வி வந்தது: “ஹவ் இஸ் யுவர் ஃபீவர்?”

நான் பிளேஸ்மென்ட் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுமதி எப்படிக் கிடைத்தது என்று இப்போது புரிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விசிறியோடு அவரையும் சேர்த்துச் சுற்றவிட்டிருப்பேன். இனி அந்தப் பெண் ஒன்று அவர் பொய்யைத் தலையில் சுமக்க வேண்டும், இல்லை என்றால் கல்லூரி ஆசிரியர் பொய் சொன்னார் என்று அதிகாரியிடம் சொல்ல வேண்டும். ஒரு இருபத்தோரு வயதுப் பெண்ணை இப்படி நிற்கவைத்தாரே!

பவித்ரா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நோ ஃபீவர் சார்” என்றாள்.

பிளேஸ்மென்ட் சார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். இவள் தொடர்ந்தாள். தடுமாறித்தான் பேசினாள், இலக்கணம் அங்கங்கே உதைத்தது, ஆனால் நிறுத்தவில்லை. எனக்குக் காய்ச்சல் இல்லை. தமிழில் சொல்கிறேன் என்றால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். வருகிறேன் என்றால் போனை வைக்கிறேன் என்று பொருள். நான் சொற்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தேன், பொருளைக் கொண்டுவரவில்லை. தப்பு என்னுடையது. இவ்வளவும் சொன்னாள்.

அவர் பதில் எதிர்பார்த்ததுதான். “இரண்டு அர்த்தம் வராத வாக்கியம் எழுதத்தான் எனக்கு ஆள் வேண்டும். உன் வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் என்று நீயே சொல்கிறாய். உன்னை நான் ஏன் எடுக்க வேண்டும்?”

பவித்ரா என்ன செய்தாள் தெரியுமா? “உங்கள் புத்தகத்திலும் அதே தப்பு இருக்கிறது சார்” என்றாள்.

வேலைக்குக் கெஞ்சும் நேரத்தில் கம்பெனியின் புத்தகத்தில் குற்றம் கண்டுபிடிக்கிறாள்! அவள் வாயைப் பொத்தலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் நிலத்தில் இருப்பது அந்தக் கம்பெனி மோட்டார்தான். கூட வந்த புத்தகத்தில், மோட்டாரை உலர்ந்த நிலையில் இயக்கக் கூடாது என்று தமிழில் அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு மை ஃபாதர் என்ன கேட்டார் தெரியுமா சார் என்று சொல்லி, நைனாவின் கேள்வியை ஆங்கிலத்தில் போட்டாள். ஈரமாக இருந்தால் ஷாக் அடிக்கும், காய்ந்திருந்தால் ஓட்டக்கூடாதாம், அப்புறம் எப்போதுதான் ஓட்டுவது?

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. “ஆங்கிலத்தில், தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே என்றுதான் அதற்கு அர்த்தம்” என்றார் அதிகாரி மெதுவாக.

“எஸ் சார். அதை அப்படியே தமிழில் எழுதினால் போதும். தண்ணி இல்லாம மோட்டார ஓட்டாதீங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் சார்.”

நல்லபடியாகப் போகிறது என்று நான் மூச்சுவிட்டேன். அவர் விடுகிற மாதிரி இல்லை. “எல்லாம் சரி. அன்றைக்கு நான் கேட்டபோது, வீட்டில் கேட்க வேண்டும், அவகாசம் வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? யாருக்காகக் காத்திருந்தாய்?”

“மை ஃபாதர் சார்.”

“உன் அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால்?”

இது என் பாடத்தில் இல்லாத கேள்வி. உங்கள் பாடத்திட்டத்திலும் இதற்கு அத்தியாயம் கிடையாது, தேடாதீர்கள். பவித்ரா பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்: “ஐ வில் ஜாயின் சார். ஈவன் இஃப் மை ஃபாதர் சேஸ் நோ.”

“ஹோல்ட் ஆன்” என்றார் அவர். யாரையோ கேட்கப் போய்விட்டார். போனில் ஒரு சங்கீதம் ஓட ஆரம்பித்தது.

நைனா பெஞ்சிலிருந்து எழுந்தார். “ஃபாதர் ஃபாதர்னு சொல்லுதே மேடம். என்னைப் பத்தி இன்னா சொல்லுது?”

பவித்ராவின் முகம் வெளுத்துவிட்டது. பிளேஸ்மென்ட் சார் இதற்காகவே பிறந்தவர் போல முன்னால் வந்தார். “எங்கப்பா ரொம்ப நல்லவர், அவர் பேச்சைத் தட்ட மாட்டேன்னு சொல்றாங்க” என்றார். என்ன வேகம், என்ன கற்பனை! காய்ச்சல் எழுதியே பழகிய கை.

நைனா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். “நீங்க சொல்லுங்க மேடம்.”

என் அனுபவத்தில் கஷ்டமான மொழிபெயர்ப்பு அதுதான் தம்பிகளே, தங்கைகளே. உள்ளதைச் சொன்னால், இத்தனை நாள் யோசித்து மனதைத் தேற்றிச் சரி என்று சொன்ன மனிதர், பெண்ணைக் கையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வேலை கைக்கெட்டும் தூரத்தில் சங்கீதமாக ஓடிக்கொண்டிருந்தது. பிளேஸ்மென்ட் சாருடைய வாக்கியத்துக்குத் தலையாட்டிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. பவித்ராவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வழக்கம்போல. எரிச்சல் தலைக்கேறியது எனக்கு. எத்தனை பேர் சேர்ந்து இந்த ஒரு பெண்ணின் ஒரு வாக்கியத்தைத் தின்பது?

“நீங்க வேணாம்னு சொல்லியிருந்தாலும் வேலைக்குப் போவேன்னு சொன்னா” என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அப்போ அதுக்கு இஷ்டம்தானா?” என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. “என்ன கேட்கிறீங்க?”

“இஷ்டம்தானான்னு கேக்கறேன் மேடம். வெள்ளிக்கெழம வந்து, ‘கம்பெனில கேக்கறாங்க நைனா, இன்னா சொல்லட்டும்’னு கேட்டுச்சு. உனக்கு இன்னாம்மா தோணுதுன்னேன். ‘நீ சொல்லு நைனா’ன்னுச்சு. மறுநாளும் கேட்டேன். ‘உன் இஷ்டம் நைனா’ன்னுச்சு. புடிச்சிருக்குதா, இல்லியா, வெளியூருன்னு பயப்படுதா, குடும்பத்துக்காவ ஒத்துக்குதா, ஒண்ணும் தெரியல. மூஞ்சியப் பாத்துப் பாத்து என் கண்ணே பூத்துப்போச்சு. சோறு எறங்கல மேடம் எனக்கு.” குரல் உடைந்தது. உடனே அது கோபமாக மாறியது. “போவணும்னு ஆசையா இருக்குது நைனான்னு ஒரு வார்த்த சொல்லி இருந்தா, திங்கக்கெழம விடியக்காலம் நானே ஆட்டோல கொண்டும்போய் உட்டுட்டு வந்திருப்பனே!”

“நீ வருத்தப்படுவியோன்னு…” என்று ஆரம்பித்தாள் பவித்ரா.

“இப்ப மட்டும் சந்தோசமா இருக்கறனா?”

எனக்கு அழுகை வந்தது, கூடவே அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. கம்பெனி அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, அதனால் புரியவில்லை. இந்த மனிதருக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது, இவருக்கும் புரியவில்லை. நான் இத்தனை காலமும் இங்கிலீஷைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘எனக்கு இது வேண்டும்’ என்ற வாக்கியம் எந்த மொழியிலும் இவர்கள் வாயில் இல்லை. பெண் பிள்ளைகளுக்கு இன்னும் இல்லை. வகுப்பில் தொலைபேசி அத்தியாயத்தை எடுப்பதற்கு முன்னால், அதை மட்டும் ஒருமுறை தமிழில் உரக்கச் சொல்லவையுங்கள். எத்தனை பேருக்குத் தொண்டை அடைக்கிறது என்று பாருங்கள்.

சங்கீதம் நின்றது. அதிகாரியின் குரல் வந்தது. வரும் திங்கட்கிழமை சேர வேண்டும், இதற்குமேல் ஒரு நாள்கூடத் தர முடியாது. பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்: “ஆர் யூ ஜாயினிங்? யெஸ் ஆர் நோ?”

பவித்ரா வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே மெல்லத் திரும்பி நைனாவைப் பார்த்தாள். அத்தனைக்கும் பிறகும்!

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “இன்னும் என் மூஞ்சியில இன்னாம்மா இருக்குது?” என்று கத்தினார். “அவரு உன்னையத்தான கேக்கறாரு?”